எத்தனை நாளுக்கு முன் மருந்தை நிறுத்த வேண்டும்?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் ஏழு வயது மார்வாரிப் பெட்டைக் குதிரை வைத்திருக்கிறேன். இன்னும் 12 நாளில் 40 கிலோமீட்டர் நெடுந்தூரச் சவாரிப் போட்டி. மலைப்பாதையில் பழக்கியதில் முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே சூடாகவும் லேசாக வீங்கியும் இருக்கிறது. மருந்துக் கடையில் வலியும் வீக்கமும் குறைய பினைல்பியூட்டசோன் ஊசி மருந்து கொடுத்தார்கள். எத்தனை நாளுக்கு முன் நிறுத்தினால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்காது? வலித்தைலம் தடவலாமா? தோட்டத்துக் காப்பித் தொலியை லாயத்தில் பரப்புகிறேன், அது சரியா?

பதில்: மருந்தின் பெயரைவிட, ‘முழங்காலுக்குக் கீழே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. குதிரைக்கு அந்த இடத்தில் சதையே கிடையாது. எலும்பு, தோல், பின்பக்கமாகக் கயிறு போல இறங்கும் தசைநாண்கள், அவ்வளவுதான். அங்கே சூடும் வீக்கமும் சேர்ந்து வந்தால் தசைநாணில் இழை அறுந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அறுந்தது கொஞ்சமே ஆனாலும் ஆற மாதக்கணக்கில் ஆகும். வலி மருந்து கொடுத்தால் குதிரை அந்தக் காலைக் காப்பாற்றிக்கொள்ளாமல் முழு எடையையும் போடும். பாதி அறுந்தது முழுதாக அறுந்துவிடும். இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.

சந்தேகமாக இருந்தால் சமதளமான கெட்டித் தரையில், தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெல்லோட்டமாக ஓட்டச் சொல்லி எதிரே நின்று பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும்; நல்ல கால் படும்போது தாழும். போட்டியில் மருத்துவரும் இதைத்தான் பார்ப்பார். சிறுநீர்ச் சோதனை வரை போகாமலே அங்கேயே வெளியேற்றிவிடுவார். குளம்பையும் தட்டிப் பாருங்கள்; லாடத்து ஆணி தவறாக இறங்கியிருந்தாலும், உள்ளே சீழ் பிடித்திருந்தாலும் கால் சூடாகும்.

இப்போதைக்கு ஓய்வு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இருபது நிமிடம் குளிர்ந்த நீர். காயம் பட்டு ஒரு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் அறுந்த அளவு சரியாகத் தெரியும். முதல் நாளே எடுத்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பி வராதீர்கள். நாமக்கல், தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் குதிரைக்கால் ஸ்கேன் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வண்டி ஏற்றுங்கள்.

இனி மருந்து. பினைல்பியூட்டசோனுக்கு 7 நாள், ஃபுளூனிக்சின் என்ற இன்னொரு வலி மருந்துக்கு 6 நாள் என்று சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு வெளியிட்டிருக்கிறது. பலரும் இதை ‘நிறுத்த வேண்டிய நாள்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. சில ஆரோக்கியமான குதிரைகளுக்குக் குறிப்பிட்ட அளவு மருந்து கொடுத்து, எத்தனை நாள் வரை உடலில் தெரிந்தது என்று பார்த்த கணக்கு அது. உங்கள் குதிரைக்குக் கொடுத்த அளவு வேறு, நாட்கள் வேறு, அதன் சிறுநீரகம் வேறு. அதற்கு மேல் எத்தனை நாள் கூட்ட வேண்டும் என்பதை மருந்து எழுதிய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் அல்ல.

இன்னொன்றையும் யாரும் நினைப்பதில்லை. இந்த மருந்துகள் சிறுநீரில்தான் வெளியேறுகின்றன. நனைந்த வைக்கோலைக் குதிரை கொறித்தால் மருந்து மறுபடி வயிற்றுக்குள் போகிறது. ஆகவே மருந்து நிறுத்திய அன்றே படுக்கை முழுவதையும் மாற்ற வேண்டும். லாயத்து மூலையில் ஒதுங்கும் பழக்கம் உள்ள குதிரைக்காரரையும் கண்டித்து வையுங்கள். அவர் தன் வலிக்குச் சாப்பிட்ட மாத்திரைக்குக் குதிரை பதில் சொல்ல நேரிடும்!

அந்த ஊசியை நீங்களே போட நினைக்காதீர்கள். பினைல்பியூட்டசோன் சதையில் இறங்கினால் அந்த இடமே வெந்து அழுகும். ரத்தக்குழாயில் (சிரையில்) தான் போட வேண்டும், அதுவும் பழகிய கை. கூடவே இன்னொரு வலி மருந்தும் கொடுத்தால் இரைப்பையும் பெருங்குடலும் புண்ணாகும். வெயிலில் ஓடி நீர்ச்சத்து குறைந்த குதிரைக்குச் சிறுநீரகமும் கெடும். ‘இது வெறும் ஆன்டிபயாட்டிக்தானே’ என்று புரோகெய்ன் பெனிசிலினையும் நம்பிவிடாதீர்கள். அதிலுள்ள புரோகெய்ன் மரத்துப்போக வைக்கும் மருந்து. பல நாள் கழித்தும் சோதனையில் தெரியும்.

தைலப் புட்டியில் மிளகாய்ச் சத்தான கேப்சைசின் இருந்தால் தொடவே வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே நான்கு குதிரைகள் இந்த ஒரு பொருளால் வெளியேற்றப்பட்டன. நார்வே அணி வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதாத நாட்டுத் தைலமும் இதே கணக்குதான்.

காப்பித் தொலி கூடாது. தொலியிலும் காஃபீன் இருக்கிறது. குதிரை படுக்கையைத் தின்னும். காஃபீன் தடைப் பட்டியலில் உள்ள பொருள். அதைச் செடிக்கு எருவாகப் போட்டுவிட்டு லாயத்துக்கு நெல் வைக்கோல் வாங்குங்கள். புல்லை வேலியோரத்தில் அறுப்பவராக இருந்தால் ஊமத்தைச் செடி கலந்திருக்கிறதா என்று கட்டைப் பிரித்துப் பாருங்கள். அதிலுள்ள அட்ரோபின் சோதனையில் சிக்கும் என்பது இரண்டாவது கவலை. குடல் இயக்கம் நின்று குதிரை வயிற்றுவலியில் விழும் என்பதுதான் முதல் கவலை.