பத்து சிட்டிங்குக்கும் சேர்த்துப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மனைவிக்கு ஏழாம் மாதம். இடுப்பு வலியில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்டியோபதி மையத்தில், மாத்திரை இல்லாமல் கையாலேயே சரிசெய்துவிடுவோம் என்கிறார்கள். பத்து சிட்டிங்குக்கு 12,000 ரூபாய், முழுவதும் முன்பணம். திருப்பித் தர மாட்டார்களாம். கட்டலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பத்துக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஏழாம் மாதம் என்கிறீர்கள், வளைகாப்பு முடிந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். மீதி சிட்டிங்குக்கு யார் போவது, நீங்களா? தஞ்சாவூர் வரை பஸ்ஸில் குலுங்கிப் போய் வருவதே அந்த இடுப்புக்குத் தனி வேதனை.

தசையையும் மூட்டையும் கையால் அழுத்தி, நீட்டி, அசைத்துச் செய்வது ஆஸ்டியோபதி. 1870-களில் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே இதைப் படித்தவர்கள் முழு டாக்டர்கள். இங்கே போர்டை மட்டும் பார்த்து அப்படி நம்பிவிட முடியாது. பிசியோதெரபி பட்டம் உண்டா, கர்ப்பிணிகளுக்குச் செய்து பழக்கம் உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

பலன் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. அமெரிக்காவில் 400 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் வலியில் தேவலையாக இருந்தார்கள். ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் பதிலாக, சும்மா பேருக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை உடம்பில் வைத்து அனுப்பப்பட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். இதை வைத்து யாரும் ‘சரிசெய்துவிடுவோம்’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

முதலில் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். விட்டுவிட்டு வரும் வலி, ரத்தம், நீர்க் கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், குழந்தை அசைவு குறைவது, இதில் எது இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். டாக்டர் சரி என்றால் ஒரே ஒரு சிட்டிங்குக்கு மட்டும் பணம் கொடுத்துப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துச் செய்யட்டும். சொடக்கு எடுப்பதும் வயிற்றை அழுத்துவதும் வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பிசியோதெரபி இருக்கிறது. பயிற்சியைக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். இரவில் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், காசில்லாத வைத்தியம்.

ஏற்கெனவே ஏதும் கட்டியிருந்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘பணம் திரும்பாது’ என்று எழுதி ஒட்டிவிட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. போகாத சிட்டிங்குக்கான பணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதிலும் நடக்கவில்லையா, 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது.