வாகனச் சோதனையின்போது போலீஸாரை வீடியோ எடுக்கலாமா?

எடுக்கலாம். பொது இடத்தில் சீருடையில் பணியிலிருக்கும் காவலரைப் படம் எடுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் கிடையாது. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தராசில் ஏறும்போது விவசாயி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் அல்லவா? எடை போடுபவரை அவர் தடுப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

தடுத்தால்தான் சிக்கல். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் கை காட்டினால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, அப்புறம் போனை எடுங்கள். இரண்டடி தள்ளி, மார்பு உயரத்தில் பிடிப்பது நல்லது. முகத்துக்கு நேரே நீட்டி வழிமறித்தால், பணிக்கு இடையூறு என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 221-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். பெயர்ப்பட்டை, இடம், செலான் தொகை இவை பதிவானால் போதும்.

ஒரு நடைமுறைத் தொல்லை: லைசென்ஸும் அதே போனின் டிஜிலாக்கர் என்ற அரசு ஆவணச் செயலியில் இருந்தால், அதைத் திறக்கும்போது வீடியோ நின்றுவிடும். அட்டையைப் பர்ஸில் வைத்திருங்கள். லைசென்ஸைப் பறிமுதல் செய்தால், மோட்டார் வாகனச் சட்டம் 206-ஆம் பிரிவின்படி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள்.

வீடியோ ஓடினால் ஆவணம் காட்ட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. சீருடைக் காவலர் கேட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆம் பிரிவின்படி லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும்.