ஊருக்குத் திரும்பியும் தனியாக இருக்கும் மன்னார்குடி ஐயாவுக்கு

ஐயா, முப்பது வருஷம் மும்பையில் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்கே வந்தும் பேச ஆளில்லை, நாள் முழுக்க டிவிதான் துணை என்று எழுதியிருந்தீர்கள். தப்பு உங்களிடம் மட்டும் இல்லை. வீட்டுக்கு வீடு போர்வெல் போட்டபிறகு படித்துறைக்கு யார் வருகிறார்கள்? நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தாயிற்று. கூடி நின்ற இடங்கள் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. திருவாரூர்ப் பக்கம் குடிவந்த புதிதில் நானும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் கிடந்தபோதுதான் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரிந்தது. வாடகை ஜெனரேட்டர் ஒன்றில் தெருவே தண்ணீர் ஏற்றிக்கொண்டோம்.

சரி, புயல் வரும்வரை காத்திருக்க முடியாது. தினமும் காலை ஒரே டீக்கடை, ஒரே பெஞ்ச். பேப்பர் நீங்கள் வாங்கிப் போங்கள். “மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி?” என்று கேளுங்கள். அணையின் முழு மட்டம் 120 அடி என்பது தெரிந்தால் போதும், மீதியை அவர்களே பேசுவார்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்கும் போங்கள். ஆனால் “மும்பையில் இப்படி இல்லை” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நான் சென்னைப் பெருமை பேசி ஆறு மாதம் எவரும் வாய் கொடுக்கவில்லை. பங்குனியில் ராஜகோபாலசாமிக்குப் பதினெட்டு நாள் திருவிழா. அதில் வெண்ணெய்த்தாழி உற்சவம் நடக்கும் அன்று நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் கழுவ நில்லுங்கள்.

அப்புறம், காது மந்தம் என்றீர்களே, முதலில் அதை டாக்டரிடம் காட்டுங்கள். பாதிப் பேச்சு வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.