ஸ்டைல்ஸின் முதல் பகுதியை முழுக்க வெட்டாதீர்கள்

நண்பருக்கு வணக்கம். கல்லூரி விழாவில் 'சிஸ்வே பான்சி இஸ் டெட்' என்ற தென்னாப்பிரிக்க நாடகத்தைப் போட 45 நிமிடம்தான் தந்திருக்கிறார்கள், தொடக்கத்தில் புகைப்படக்காரர் ஸ்டைல்ஸ் தனியாகப் பேசும் நீண்ட பகுதியைத் தூக்கிவிடலாமா, சுவரொட்டியில் அத்தோல் ஃபுகார்ட் பெயர் மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பெயர் விஷயம் முதலில்: போதாது. நடிகர்கள் ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா பெயர்களையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஒத்திகையில் மூவரும் நடித்து, பேசி உருவாக்கிய நாடகம் இது. 1972இல் கேப் டவுனில் மேடையேறியது. இரு நடிகர்களும் 1975இல் அமெரிக்காவின் டோனி நாடக விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். மறு ஆண்டே, சொந்த நாட்டில் இதை நடித்ததற்காக கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட டிரான்ஸ்கை பகுதியில் கைதானார்கள். அப்படிப்பட்டவர்களின் பெயரை விடுவது பெரிய அநியாயம்.

இப்போது ஸ்டைல்ஸ். செய்தித்தாள் வாசிப்பையும் கரப்பான்பூச்சிச் சண்டையையும் தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் ஃபோர்டு தொழிற்சாலைக்கு முதலாளி வரும் காட்சியைத் தொடாதீர்கள். அங்கே கானி உண்மையிலேயே வேலை பார்த்தவர். ஸ்டைல்ஸின் ஸ்டுடியோவில் ஏழைகள் தாங்கள் விரும்பும் மனிதர்களாகப் படத்தில் நிற்கிறார்கள். அதைப் பார்த்திருந்தால்தான், பிற்பாடு இறந்தவரின் பாஸ் புத்தகத்தில், அதாவது அடையாள ஏட்டில், சிஸ்வேயின் படம் ஒட்டப்படும்போது பார்வையாளருக்கு நெஞ்சு அடைக்கும்.

அப்புறம், பாஸ் புத்தகம் என்றால் என்ன என்று நம் மாணவர்களுக்குத் தெரியாது. கறுப்பினத்தவர் எந்த ஊரில் தங்கலாம், வேலை தேடலாம் என்பதையே அது தீர்மானித்தது. 1986இல்தான் அந்தச் சட்டங்கள் ஒழிந்தன. திரை விலகுமுன் இதை அறிவித்துவிடுங்கள். மேடையேற்ற உரிமையும் வாங்க வேண்டும், மறக்காதீர்கள்.