பழனி எம்.பி. தொகுதி எங்கே போச்சு?

கேள்வி: ‘பழனி எம்.பி. தொகுதி’ என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். இப்போது நாங்கள் ஓட்டுப் போடுவதோ திண்டுக்கல் எம்.பி.க்கு. பழனியை ஏன் எடுத்தார்கள்?
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: 2008 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பில் அது நீங்கியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதி எல்லைக் கோடுகளை மாற்றியது. தமிழ்நாட்டின் மொத்த இடம் 39-ல் கை வைக்கவில்லை. ஆகவே ஒரு பக்கம் புதுத் தொகுதி முளைத்தால் இன்னொரு பக்கம் ஒன்று போயே ஆக வேண்டும். பழனியோடு பெரியகுளம், கோபிசெட்டிபாளையம், சிவகாசி, திருச்செந்தூர் பெயர்களும் போயின. தேனி, திருப்பூர், விருதுநகர், தூத்துக்குடி வந்தன.

பழனிக்குத் தனி வில்லங்கம் ஒன்று உண்டு. காங்கேயம், வெள்ளகோவில், பழனி, ஒட்டன்சத்திரம் எல்லாம் ஒரே எம்.பி.யின் கீழ் இருந்தன. 1977 தேர்தலின்போது பழனி மதுரை மாவட்டம், காங்கேயம் கோவை மாவட்டம். 1979-ல் பெரியார் (ஈரோடு) மாவட்டமும் 1985-ல் திண்டுக்கல் மாவட்டமும் பிரிந்த பிறகும் தொகுதி இரண்டு மாவட்டங்களில் கால் வைத்தே நின்றது. மறுசீரமைப்பில் பழனியும் ஒட்டன்சத்திரமும் திண்டுக்கல்லுக்குப் போயின, காங்கேயம் ஈரோட்டுக்குப் போனது. வெள்ளகோவில் சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது.

காங்கேயமும் தாராபுரமும் இப்போது திருப்பூர் மாவட்டம்தானே, பிறகு ஏன் ஈரோடு எம்.பி. என்று கேட்பீர்கள். ஆணையம் கணக்கில் எடுத்தது 2004 பிப்ரவரியில் இருந்த மாவட்டங்களை. திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-ல்தான்.

கேள்வி: அங்கே ஜெயித்தவர்கள் யார் யார்?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: 1977-ல் சி. சுப்பிரமணியம், காங்கிரஸ். இந்திரா ஆட்சியை இழந்த தேர்தல் அது, இங்கே அ.தி.மு.க. கூட்டணி காங்கிரசைத் தாங்கிப் பிடித்தது. பழனி எம்.பி.யாக இருந்தபோதுதான் சி.எஸ். 1979-ல் சரண்சிங் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சரானார். பிறகு 1980-களிலும் 1991-லும் காங்கிரசின் அ. சேனாபதி கவுண்டர். 1996-ல் த.மா.கா.வின் எஸ்.கே. கார்வேந்தன், 1998-ல் ம.தி.மு.க.வின் அ. கணேசமூர்த்தி, 1999-ல் அ.தி.மு.க.வின் பி. குமாரசாமி. 2004-ல் கார்வேந்தன் மறுபடியும் வந்தார். த.மா.கா. 2002-லேயே காங்கிரசில் கரைந்துவிட்டதால் இந்த முறை கை சின்னம். கடைசி நான்கு தேர்தல்களில் யாரும் அடுத்தடுத்து ஜெயிக்கவில்லை, கூட்டணி மாறினால் தொகுதியும் மாறியது. கணேசமூர்த்தி 2009-ல் ஈரோட்டில் நின்று ஜெயித்தார். பழைய பழனியின் காங்கேயம் பக்கம் அந்தத் தொகுதியிலும் இருந்தது.

எழுதும்போது ‘1989’ என்று மட்டும் போடாதீர்கள். அந்த ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல், தி.மு.க. ஆட்சி வந்தது. நவம்பரில் மக்களவைத் தேர்தல், தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை. மாதம் போடாவிட்டால் பாதிப் பேர் தப்பாகத்தான் படிப்பார்கள்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்கு 2004 பழனி முடிவையும் 2009 திண்டுக்கல் முடிவையும் ஒப்பிடலாமா?
– மாணவர், கொடைக்கானல்

பதில்: மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் வீண். இரண்டும் வேறு வேறு நிலம். சட்டமன்றப் பகுதி வாரியாகப் பிரித்து, பழனியை மட்டும், ஒட்டன்சத்திரத்தை மட்டும் எடுங்கள். அதிலும் எல்லை மாறியிருக்கிறது. பழனி சட்டமன்றத் தொகுதி முன்பு தனித் தொகுதி (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), 2008-க்குப் பிறகு பொது. கொடைக்கானல் வட்டமும் பழனி வட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்ததுதான் இப்போதைய பழனி, எண் 127. எனவே ஓட்டு எண்ணிக்கையை விட்டு, பதிவான ஓட்டில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பழைய, புதிய மறுசீரமைப்பு ஆணைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்தெந்த ஊர் எதில் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் கடைசியில் அட்டவணை முழுக்கத் திருத்த வேண்டிவரும்.

வாக்குச்சாவடி வாரிக் கணக்கு படிவம் 20-ல் இருக்கும். மக்களவைத் தேர்தலுக்கு ஒவ்வொரு சட்டமன்றப் பகுதிக்கும் தனித் தாள். ஆறு தாளையும் கூட்டினாலும் அறிவித்த மொத்தம் வராது. பதறாதீர்கள், விடுபட்டது தபால் ஓட்டு. அதைத் தேர்தல் நடத்தும் அலுவலர் தன் மேசையில் எண்ணிக் கடைசியில்தான் சேர்ப்பார். தபால் ஓட்டைச் சேர்த்தும் இடித்தால் உங்கள் கூட்டலைப் பாருங்கள்.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை ஒவ்வொரு தேர்தலுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் கார்வேந்தன் பெயரே இரண்டு மூன்று விதமாக வரும், பெயரைத் தட்டித் தேடினால் சிக்காது. தொகுதிப் பெயரை வைத்துத் தேடுங்கள். இணையத்தில் இல்லாத படிவத்துக்கு மாவட்டத் தேர்தல் பிரிவில் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம். அந்தக் கோப்பு இன்னும் வைத்திருக்கிறார்களா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

கேள்வி: பழனி திரும்ப வருமா?
– வாசகர், பூம்பாறை

பதில்: பெயரை நம்பாதீர்கள். 2002-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 84-வது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை மாநிலத்தின் இட எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு ‘பழனி’ என்ற பெயர் வந்தாலும் அதில் காங்கேயம் இருக்கும் என்று சொல்ல முடியாது, கொடைக்கானல் இருக்குமா என்பது அன்றைய வட்ட எல்லையைப் பொறுத்தது.