இரண்டாம் அணியை மூடலாமா?

வணக்கம் அண்ணா,

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்தில் செயலாளராக இருக்கிறேன். கழகத்தின் பெயரையும் என் பெயரையும் போடவேண்டாம். ஊரில் இருக்கிற சண்டையே போதும்.

இந்த வருடம் எங்களுக்கு ஐந்து கிரிக்கெட் அணிகள். கடினப்பந்தில் (தோல்பந்து) முதலாம் அணி, இரண்டாம் அணி, மென்பந்து (ரெனிஸ் பந்து) அணி, 15 வயதுக்குட்பட்ட பெடியள், போன வருடம் தொடங்கிய பெண்கள் அணி. முதலாம் அணி சுற்றுப்போட்டியில் அரையிறுதி வரை போய் 11 ஓட்டங்களால் தோற்றது. அந்த ஆட்டத்தில் நடுவர் தந்த ஒரு எல்பிடபிள்யூவை (பந்து காலில் பட்டதற்குத் தரும் ஆட்டமிழப்பு) பற்றிய கதை இன்னும் ஓயவில்லை. மென்பந்து அணி இரவுப் போட்டிகளில் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தது. பெடியள் பரவாயில்லை. பெண்கள் அணி ஒரு பாடசாலை அணியோடு சிநேகபூர்வமாக ஆடி ஒன்றில் வென்றது. இரண்டாம் அணிதான் மானத்தை வாங்கிவிட்டது. ஒரேயொரு வெற்றி. இரண்டு ஆட்டங்களுக்குப் பதினொரு பேர் சேராமல் வோக்ஓவர் கொடுத்தோம், ஆடாமலே எதிரணிக்கு வெற்றி.

கனடாவில் இருக்கிற எங்கள் பழைய வீரர்கள் அடுத்த பருவத்துக்கு நல்ல தொகை தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டாம் அணியை நிறுத்திவிட்டு, அந்தக் காசில் வெளியூரிலிருந்து இரண்டு மூன்று நல்ல வீரர்களை முதலாம் அணிக்கு இறக்கச் சொல்கிறார்கள். நிர்வாகத்தில் பாதிப் பேருக்கு அதில் சம்மதம். ஐபிஎல் வரை போன வியாஸ்காந்த் மாதிரி ஒருவர் எங்கள் ஊரிலிருந்தும் வரவேண்டுமென்றால் முதலாம் அணி பலமாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் வாதம். பொதுக்கூட்டத்துக்கு ஆண்டறிக்கை நான்தான் எழுதவேண்டும். இரண்டாம் அணியைப் பற்றி என்ன எழுதுவது? நடுவரைப் பற்றி எழுதலாமா? ஸ்கோர் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

*

அன்புள்ள தம்பிக்கு,

மூடாதீர்கள்.

படங்களை எல்லாம் பார்த்தேன். முதலில் அந்த ஸ்கோர் எழுதுகிறவருக்கு ஒரு வணக்கம் சொல்லவேண்டும். பந்துக்குப் பந்து, புள்ளி தவறாமல், யார் பிடித்தது யார் எறிந்தது என்பது வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார். பல கழகங்களின் புத்தகம் பத்தாவது ஓவரோடு நின்றுவிடும்; மிச்சம் ஆளாளுக்கு ஒரு ஞாபகம். ஆண்டறிக்கையில் முதல் நன்றி அவருக்குப் போகட்டும். கழகத்தில் இந்த வருடம் நடந்ததை உங்கள் நிர்வாகத்தைவிட அவருடைய புத்தகம் வடிவாகச் சொல்கிறது.

இரண்டாம் அணியின் பக்கங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அநேகமாக எல்லா ஆட்டத்திலும் துடுப்பாட்ட வரிசையில் முதல் நாலு இலக்கத்திலும் அதே நாலு பேர். பந்துவீச்சிலும் பெரும்பாலான ஓவர்களை அவர்களே முடித்துவிடுகிறார்கள். முதலாம் அணியில் ஆடி முடித்து இறங்கி வந்த மூத்தவர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் மேல் குறையில்லை, விளையாட ஆசை யாருக்கும் விடாது. ஆனால் எட்டாம் இலக்கத்துக்குக் கீழே பாருங்கள். ஓரத்தில் பென்சிலால் ‘15 வயது அணியிலிருந்து’ என்று குறித்த ஒரு பெடியன் இருக்கிறான். முதல் ஆட்டத்தில் ஒன்பதாம் இலக்கம், துடுப்பெடுத்தாடவில்லை. அடுத்ததில் ஆட்டமிழக்காமல் 1. அதற்கடுத்ததில் மறுபடியும் துடுப்பெடுத்தாடவில்லை. நாலாவதில் ரன் அவுட், ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல். பந்துவீச்சுப் பக்கத்தில் அவன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் ஆளையே காணோம். அதற்குப் பிறகு அவனைக் காண்பது மென்பந்து அணியில், தொடக்க வீரனாக.

ஞாயிறு முழுக்க எங்கள் வெயிலுக்குள் எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்கிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பெடியன் எத்தனை கிழமைக்கு வருவான்? நானென்றால் இரண்டாவது கிழமையே நின்றிருப்பேன். அந்த அணிக்குப் பதினொரு பேர் சேராமல் போனதற்கு ஒரு காரணம் இந்தப் பக்கங்களிலேயே எழுதிக் கிடக்கிறது.

மற்றக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. வோக்ஓவர் கொடுத்த முதல் ஆட்டம் பெப்ரவரிக் கடைசியில். காலபோக நெல் அறுவடை நேரம். உங்கள் இரண்டாம் அணியில் யார் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பக்கத்துக் கழகங்களில் வழக்கம் என்னவென்று தெரியும். ஆசிரியர், வங்கி, கச்சேரி (அரச செயலகம்) என்று மாதச் சம்பளக்காரர் முதலாம் அணியில். வயல்காரரும் உழவு இயந்திரம் ஓடுகிறவரும் மேசன் வேலைக்காரரும் இரண்டாம் அணியில். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்குகிற நாளில் ஆட்டத்துக்கு வா என்றால் யார் வருவார்? போதாததற்கு அந்த மாதம் சில ஊர்களில் சீமெந்துப் பிட்சிலேயே நெல் காயும். மழை வரமுன்னம் அள்ளிக்கட்டின பிறகுதான் மேற்றிங் (பிட்சின் மேல் விரிக்கிற தும்புப் பாய்) விரிக்கலாம். இரண்டாவது வோக்ஓவர் ஓகஸ்ட் நடுவில், மடு மாதா கோயில் திருவிழா வாரம். வேதக்காரர் (கிறிஸ்தவர்கள்) மட்டுமா மடுவுக்குப் போகிறார்கள்? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்றாலும் இதே கதைதான். சுற்றுப்போட்டி நடத்துகிறவர்களிடம் அட்டவணை போடமுன்னமே போய்க் கதையுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கினால் தைவரைக்கும் மைதானத்தில் தண்ணீர். இருக்கிற மாதங்களில் எந்தெந்தக் கிழமைகளை விடவேண்டும் என்று ஊருக்குள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனி மென்பந்து. இரண்டு கிண்ணமும் சும்மா வந்ததில்லை. வெளிச்சம் போட்டு, ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனையோடு, ஊரே கூடியிருக்கிற இரவில் ஐந்தாறு ஓவருக்குள் ஆட்டத்தைத் திருப்புவதற்கும் துணிவு வேண்டும். சில கடினப்பந்துக்காரர் மென்பந்தை இளக்காரமாகப் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அது வேறு ஆட்டம். ரெனிஸ் பந்து தையலில் பட்டுத் திரும்புவதில்லை, விரலையும் உடைப்பதில்லை. முன்காலைத் தள்ளிவைத்து லெக் பக்கம் குறுக்கே இழுத்து அடித்தால் வயலுக்குள் போய்விடும். அதே அடியைத் தும்பு மேற்றிங்கில் அடித்துப் பாருங்கள். 156 முதல் 163 கிராம் வரை நிறையுள்ள தோல்பந்து, பாயில் விழுந்ததும் மார்பு உயரத்துக்கு எழும்பும். விளிம்பில் பட்டு ஸ்லிப்பிலோ கல்லியிலோ பிடியாகும், இல்லாவிட்டால் கையுறைக்கு மேலாக விரலில் படும். மென்பந்தில் மன்னனாக இருந்த பெடியன் கடினப்பந்தில் முதல் பத்து ஆட்டத்துக்கு 4, 0, 7 என்றுதான் எடுப்பான். பந்தை அடிக்காமல் விடப் பழகவேண்டும், உடம்புக்குக் கிட்ட விளையாடப் பழகவேண்டும், ஒரு ஓவர் முழுக்க ஓட்டமில்லாமல் நிற்க வெட்கப்படாமல் இருக்கப் பழகவேண்டும். அந்த 4, 0, 7 எல்லாம் எங்கே எடுப்பது? முதலாம் அணியில் அதற்கு இடமில்லை. வலைப்பயிற்சியில் ஆட்டமிழந்தாலும் அடுத்த பந்து வரும். இரண்டாம் அணியை விட்டால் அவனுக்கு வேறு இடமில்லை. தோற்பதற்கென்றே ஒரு அணி வைத்திருக்கிற கழகத்தில்தான் ஆள் வளரும் என்பது என் கட்சி.

நம்பாவிட்டால் உங்கள் புத்தகத்தையே பாருங்கள். அரையிறுதியில் முதலாம் அணிக்கு நாலு விக்கெட் எடுத்த இடதுகைச் சுழல்பந்து வீச்சாளர் சித்திரை மாதத்தில் எங்கே ஆடினார்? இரண்டாம் அணியில். அந்த அணி வென்ற ஒரேயொரு ஆட்டத்தில் மூத்தவர் ஒருவர் வராததால் அவருக்குப் பந்து கிடைத்திருக்கிறது. முழு ஓவரும் போட்டிருக்கிறார். அதற்கு அடுத்த மாதம் முதலாம் அணிக்குப் போனார். நிர்வாகத்தில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லையா? ஆண்டறிக்கையில் இரண்டாம் அணி பற்றி என்ன எழுதுவது என்று கேட்டீர்கள், இதை எழுதுங்கள். வென்றது தோற்றதோடு நிறுத்தாமல், யார் எந்த அணியிலிருந்து எந்த அணிக்குப் போனார் என்று ஐந்து அணிக்கும் எழுதுங்கள். கீழிருந்து மேலே போங்கள். முதலில் பெடியள், பிறகு பெண்கள், இரண்டாம் அணி, மென்பந்து, கடைசியில் முதலாம் அணி. கனடாவில் இருக்கிறவர்கள் முதலாம் அணியைத் தேடி எப்படியும் கடைசிவரைக்கும் வாசிப்பார்கள்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. 1996 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலியில் கேட்ட தலைமுறை அது. போர்க்காலம்; மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. ஊரும் கழகமும் இடம்பெயர்ந்து, கழகத்தின் கிண்ணங்கள் எங்கே போயின என்று தெரியாமல் போன பிறகு, அலுமாரியில் திரும்ப ஒரு கிண்ணத்தைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தானே. அவர்களின் கண்ணுக்குத் தெரிவதும் கைபேசியில் நேரலையாகப் போகிற ஆட்டங்கள் மட்டும்: முதலாம் அணியின் பெரிய ஆட்டம், இரவு மென்பந்து. இரண்டாம் அணியின் ஆட்டத்தை யார் நேரலை செய்கிறார்கள்? ஒரு ஞாயிறு செய்து பாருங்கள்.

காசை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டாம் அணிக்கென்று தனி மேற்றிங் கேளுங்கள். இருக்கிற ஒன்றை ஐந்து அணியும் இழுத்தால் ஓரம் பிய்ந்து, ஆணி அடித்த இடமெல்லாம் கிழிந்து, பந்து எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதில் துடுப்பெடுக்கப் பழகுகிற பிள்ளைக்கு முகத்தில்தான் படும். தலைக்கவசமும் காப்புகளும் சின்ன அளவில் கேளுங்கள். பெரியவர்களின் காற்காப்பைக் கட்டிக்கொண்டு பதினாலு வயதுப் பெடியன் ஓடமுடியாமல் ரன் அவுட் ஆவதை நிறையப் பார்த்தாயிற்று. வெளியூர் வீரர் இரண்டு பேர் வந்தால் அந்த ஒரு வருடம் கிண்ணம் வரலாம். அடுத்த வருடம் கூடக் காசு தருகிற கழகத்துக்கு அவர்கள் போவார்கள். அவர்களுக்கு இடம்விட்டு வெளியே இருந்த உங்கள் ஊர்ப் பெடியள் அதற்குள் துடுப்பை மூலையில் வைத்திருப்பார்கள்.

வியாஸ்காந்தை இழுத்தீர்கள். அவர் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக இறங்கி, 2024இல் ஐபிஎல்லில் ஐதராபாத் அணி வரைக்கும் போனார். சந்தோசம். ஆனால் அவர் வளர்ந்தது யாழ் மத்திய கல்லூரியில். பரியோவான் கல்லூரியோடு 1904இலிருந்து பெருஞ்சமர் என்ற வருடாந்தப் போட்டி ஆடிவருகிற பள்ளிக்கூடம் அது. வயதுக்கு ஒரு அணி, கடினப்பந்து, பயிற்சியாளர், வருடம் முழுக்க ஆட்டம். வன்னியில் அப்படிப் பள்ளிக்கூடங்கள் மிகக் குறைவு. 2012இல் முத்தையா முரளிதரன் பெயரில் முரளி கிண்ணம் தொடங்கியபோது கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் வெளியூர்ப் பள்ளி அணிகள் வந்து ஆடின. அது நல்ல காரியம், ஆனால் வருடத்தில் சில நாள். மிச்ச நாளில் பள்ளிக்கூடம் செய்யவேண்டிய வேலையை இங்கே கழகம்தான் செய்யவேண்டியிருக்கிறது. அந்த வேலை முதலாம் அணியில் நடக்காது.

அடுத்த பருவத்துக்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன். இரண்டாம் அணியின் தலைவராக மூத்தவர் ஒருவரே இருக்கட்டும், ஆனால் அவர் ஏழாம் இலக்கத்தில் இறங்கட்டும். பதினொரு பேரில் ஐந்து பேராவது இருபதுக்குக் கீழே. அவர்களில் ஒருவர் கட்டாயம் முதல் மூன்றுக்குள். எல்லா இளசுகளுக்கும் இரண்டு ஓவராவது பந்து. 30 ஓட்டம் எடுத்தவர் ஓய்வுபெற்று அடுத்தவருக்கு இடம்விடும் முறையைச் சிநேகபூர்வ ஆட்டங்களில் மட்டும் வையுங்கள். காயம், சுகவீனம் இல்லாமல் வெளியேறினவர் திரும்ப இறங்க எதிரணித் தலைவர் சம்மதிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமிழந்ததாகத்தான் கணக்கு. சுற்றுப்போட்டியில் அதற்குப் பிறகு இன்னொரு சண்டை வரும்.

நடுவர் விசயம். வேண்டாம். அந்த அரையிறுதிப் பக்கத்தில் உங்கள் அணி கொடுத்த உதிரி ஓட்டங்களைக் கூட்டிப் பார்த்தேன்: வைட் மட்டும் 18. தோற்றது 11 ஓட்டத்தால். பதினெட்டு வைட் என்றால் எதிரணிக்கு ஓட்டம் மட்டுமில்லை, திரும்பப் போடவேண்டிய 18 பந்தும், அதாவது மூன்று ஓவரும் சும்மா கொடுத்தமாதிரி. எல்பிடபிள்யூ கதையைக் கூட்டத்தில் யாராவது எழுப்பினால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.

பெண்கள் அணியைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். 2024 யூலையில் ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவின் 165ஐ இலங்கைப் பெண்கள் இரண்டே விக்கெட் இழப்பில் தாண்டியது தம்புள்ளையில், உங்கள் வாசலால் போகிற அதே ஏ9 வீதிப் பக்கத்தில். சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா ஆட்டமிழக்காமல் 69. படங்களில் ஒன்றில் அந்தப் பிள்ளைகள் பயிற்சி எடுப்பது முதலாம் அணி தேய்த்து முடித்த பந்தில் என்று தெரிகிறது. விதிப்படி பெண்களுக்கான பந்து 140 முதல் 151 கிராம் வரை. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிலும் குறைவு, 133 முதல் 144 வரை. பெரிய பந்தைக் கொடுத்துவிட்டு எறியத் தெரியவில்லை, பிடிக்கத் தெரியவில்லை என்று சத்தம் போடுகிறவர்கள் நிர்வாகத்தில் இருந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். கனடாக் காசில் முதல் செலவு ஒரு பெட்டி பெண்கள் பந்தாக இருக்கட்டும். கிளிநொச்சியில் கிடைக்காவிட்டால் வவுனியாவில் சொல்லிவைத்தால் கொழும்பிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

கூட்டம் முடிந்ததும் என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்