வானம் வெளிவாங்கிய பிறகு கிராப்பி ஏன் கடிப்பதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் வட மாநிலமான மினசோட்டாவில் சில குளிர்காலங்களைக் கழித்துவிட்டுச் சென்னை திரும்பியவன் நான் என்பதை அறிந்த வாசகர்கள், உறைந்த ஏரியில் தூண்டில் போடுவதைப் பற்றித் தொடர்ந்து எழுதிக் கேட்கிறார்கள். பிள்ளைகள் அங்கே இருக்கும் பெற்றோரின் கடிதங்களே அவற்றில் அதிகம். இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் மினசோட்டாவில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை தவறாமல் உறைந்த ஏரியின் நடுவே உட்கார்ந்து ‘கிராப்பி’ பிடிப்பதாகச் சொல்கிறான். மேலே கல்லாக உறைந்து கிடக்கும் ஏரியில் மீன் எப்படி உயிரோடு இருக்கும்? அது என்ன மீன், ஐயா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிக அடர்த்தியோடு இருக்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் அது மறுபடி லேசாகி மேலே வந்துவிடும். எனவே ஏரி மேலிருந்து கீழாக உறைகிறதே தவிர, அடியிலிருந்து உறைவதில்லை. மேலே காற்று மைனஸ் 25 டிகிரியில் வீசினாலும், அடியில் உள்ள நீர் ஏறத்தாழ 4 டிகிரியிலேயே நிற்கிறது. அந்தக் குளிர்ந்த, அசைவற்ற நீரில் மீன் மெதுவாக மூச்சுவிட்டு, குறைவாகத் தின்று, குளிர்காலத்தைக் கடத்திவிடுகிறது.

கிராப்பி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் ஜிலேபிக் கெண்டையைப் போலப் பக்கவாட்டில் தட்டையானது; ஓரடி நீளம் இருந்தால் நல்ல மீன் என்பார்கள். கறுப்பு, வெள்ளை என்று இரண்டு இனங்கள் உண்டு. முதுகுத் துடுப்பின் முன்பக்க முட்களை எண்ணினால் வேறுபாடு தெரிந்துவிடும்: கறுப்பில் 7 அல்லது 8, வெள்ளையில் 5 அல்லது 6. இதன் வாயோரத் தோல் மிக மெல்லியது. அவசரப்பட்டுச் சுண்டி இழுத்தால் தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உங்கள் மகன் இந்த மீனிடம் முதலில் கற்றிருக்க வேண்டியது பொறுமையைத்தான்.

கேள்வி: மினசோட்டாவின் மினியாபோலிஸ் நகரிலிருந்து பொங்கலுக்கு வந்திருக்கிறேன். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வெள்ளிக்கிழமை மப்பும் மந்தாரமுமாக இருந்தது, பனியும் தூவிக்கொண்டிருந்தது; இரண்டு மணி நேரத்தில் ஒன்பது கிராப்பி கிடைத்தது. மறுநாள் வானம் பளிச்சென்று வெளிவாங்கி, கடுங்குளிர் இறங்கியது. அதே துளை, அதே இரை. சோனாரில் (ஒலியலையால் நீருக்கடியில் மீனைக் காட்டும் கருவி) மீன் நிற்பது தெரிகிறது, ஆனால் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. காற்றழுத்தம் ஏறியதுதான் காரணம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நீங்கள் கண்டது அங்கே தூண்டில் போடும் எல்லோரும் காண்பதுதான். குளிர்காற்று முகப்பு ஒன்று, அதாவது நகர்ந்து வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வருவதற்கு முன்பு, மேகம் கவிந்து அழுத்தம் இறங்கும் வேளையில் மீன் நன்றாக இரை எடுக்கும். முகப்பு கடந்து வானம் தெளிந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நீர் தரும் அழுத்தம் கிட்டத்தட்ட 98 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). பெரிய முகப்பு ஒன்று கடக்கும்போது காற்றழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் மாறினாலும், அது 20 சென்டிமீட்டர் நீருக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குச் சமம். நாளெல்லாம் பல அடி ஏறியும் இறங்கியும் நீந்துகிற மீன், ஒரு சாண் மாற்றத்துக்காகப் பட்டினி கிடக்கும் என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. குளிரும் காரணமாகாது; காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் அடிநீரின் வெப்பம் ஒரே நாளில் மாறிவிடாது.

என் கணிப்பில் முதல் காரணம் வெளிச்சம். கிராப்பிக்குக் கண்கள் பெரியவை. மங்கிய ஒளியில் இரை தேடப் பழகிய மீன் அது. அது விரும்பித் தின்னும் நுண்ணுயிர் மிதவைகளும் வெளிச்சம் கூடினால் ஆழத்துக்கு இறங்கி, அந்தி சாய்ந்ததும் மேலே வரும்; மீன் கூட்டமும் அவற்றின் பின்னாலேயே போகும். வெள்ளிக்கிழமை மேகமும் தூவும் பனியும் நாள் முழுவதையும் அந்திப்பொழுதாக்கி வைத்திருந்தன. சனிக்கிழமை வெயில் பளீரென்று அடித்தது. காற்று பனியை வாரிக்கொண்டு போன ஏரியாக இருந்தால், தெளிந்த பனிக்கட்டி சன்னல் கண்ணாடி போல ஒளியை உள்ளே விட்டிருக்கும்.

எனவே அப்படிப்பட்ட நாளில் நடுப்பகலில் போய் உட்காராதீர்கள். ஜனவரியில் மினியாபோலிஸில் மாலை 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். 4 மணிக்குள் துளைகளைப் போட்டுவிட்டு, சத்தம் அடங்கக் காத்திருங்கள். அந்தி மயங்கி இருட்டும் வரையிலான ஒரு மணி நேரமே உங்களுக்குரிய நேரம். பகலிலேயே போயாக வேண்டுமென்றால் இருட்டான கூடாரத்துக்குள் உட்காருங்கள், துளையைச் சுற்றிச் சுரண்டிய பனியை மறுபடி பரப்பி வெளிச்சத்தைக் குறையுங்கள். ஜிக்கை (எடை பொருத்திய சிறு தூண்டில் முள்) ஒரு படி சிறியதாக மாற்றி, 2 பவுண்டு எடை தாங்கும் மெல்லிய நரம்பில் கட்டுங்கள். முந்தைய நாள் போல ஆட்டிக்கொண்டே இருக்காமல், அப்படியே நிறுத்திப் பிடியுங்கள். கையின் நடுக்கமே அந்த மீனுக்குப் போதுமான அசைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கிராப்பியின் கண்கள் தலையின் மேல்பக்கத்தை ஒட்டி அமைந்திருப்பதால் அது மேல்நோக்கிப் பார்த்துத் தின்னும் மீன். இரை அதற்கு ஓரடி மேலே நிற்க வேண்டும். அதன் கண்ணுக்குக் கீழே போய்விட்டால் அது இரையாகவே கணக்கில் வராது. கீழிருந்து ஏறிவந்து இரையை உறிஞ்சி, வாயில் வைத்துக்கொண்டே மேலும் சற்று ஏறும். அப்போது கோலின் நுனியில் உள்ள மெல்லிய சுருள்கம்பி, ஜிக்கின் எடை நீங்கியதால், வளைவு நிமிர்ந்து ஓர் அரிசி நீளம் மேலே எழும். நம் ஏரிக்கரையில் தக்கை அமுங்குவதற்காகவே காத்திருந்து பழகிய கண்கள் அந்த எழும்பலைக் கவனிக்காது. உங்கள் சனிக்கிழமையில் ‘கடிக்கவில்லை’ என்று நீங்கள் நினைத்த மீன்களில் சில கடித்துவிட்டுத் துப்பியிருக்கக் கூடும். கம்பி நிமிர்ந்தவுடன், சுண்டாமல், மணிக்கட்டை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள்.

கேள்வி: இரைக்கு மண்புழு போடலாமா? துளை மறுபடி உறைந்துபோகாதா?
– வாசகர், ஆவடி

பதில்: மண்புழுவை இந்த மீனுக்குப் பெரும்பாலும் போடுவதில்லை. மெழுகுப்புழு, ஈப்புழு, சின்னஞ்சிறு உயிர்மீன் ஆகியவையே அங்கே வழக்கம். மிஞ்சிய உயிர்மீனை ஏரியில் கொட்டக் கூடாது. துளை உறையத்தான் செய்யும். நாம் பூரி எடுக்கும் ஜல்லிக்கரண்டியைப் போன்றே, நீண்ட கைப்பிடி வைத்த ஒரு கரண்டியால் மேலே படரும் பனித்துணுக்குகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அள்ளிப் போட வேண்டும். நான் முதல் ஆண்டில் அம்மா கொடுத்தனுப்பிய ஜல்லிக்கரண்டியையே பயன்படுத்தினேன். நன்றாகவே வேலை செய்தது.

கேள்வி: எங்கள் ஐஸ் ஹவுஸில் அந்தக் காலத்தில் அமெரிக்க ஏரிப் பனிக்கட்டியை வைத்திருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே பனிக்கட்டியின் மேல்தான் இவர்கள் நடக்கிறார்களா? எவ்வளவு கனம் இருந்தால் ஆள் நிற்கலாம்?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: பெரியவர்கள் சொன்னது உண்மை. பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை, மரத்தூள் பொதிந்து, கப்பலில் சென்னைக்கு அனுப்பினார். அதைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்டதே, இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினாவை நோக்கி நிற்கும் அந்தக் கட்டடம். அந்தப் பனிக்கட்டியை வெட்டியவர்கள், ஏரியின் மேலே படிந்த பனியையும் அதற்கடியில் பால்போல் வெளுத்த மேலடுக்கையும் சுரண்டி எறிந்துவிட்டு, கீழே உள்ள தெளிந்த கட்டியை மட்டுமே எடுத்தார்கள். தூண்டில்காரர்களும் அந்த வேறுபாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புதிதாக உறைந்த, தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம், சிறிய கார் என்றால் 9 முதல் 10 அங்குலம் வேண்டும் என்பது மினசோட்டா இயற்கைவளத் துறையின் வழிகாட்டல். வெளுத்த பனிக்கட்டிக்குப் பாதி வலிமைதான். எனவே இந்தக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். வானிலை மாறும்போது இந்த வெளுப்பு எப்படி உண்டாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கனமான பனிப்பொழிவு வந்தால் அதன் பாரத்தால் தளம் சற்று அமிழும், விரிசல்கள் வழியே நீர் மேலேறிப் பனியோடு குழைந்து கூழாகும், அந்தக் கூழ் பிறகு உறைந்து வெள்ளையாகும். அதே பனிப்பொழிவு கம்பளி போலப் போர்த்திக்கொள்வதால் அடிப்பக்கம் தடிப்பதும் தாமதமாகும். அதாவது, மீன் நன்றாகக் கடிக்கிறது என்று நாம் மகிழும் பனிபெய்யும் வாரமே, காலடித் தளத்தை மெலிய வைக்கும் வாரமாகவும் இருக்கக் கூடும்.

கரையில் ஓரிடத்தில் அளந்துவிட்டு நடந்துவிடாதீர்கள். 150 அடிக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். ஓடை வந்து சேருமிடம், ஊற்றுக்கண், பாலத்தடி ஆகியவற்றில் எப்போதும் மெலிவு உண்டு.

கேள்வி: ஐயா, மார்ச் மாதம்தான் கிராப்பிக்குச் சிறந்த காலம் என்று மகள் சொல்கிறாள். பனி உருகும் காலத்தில் ஏரிக்குள் போவதா? மனம் கேட்கவில்லை.
– வாசகி, அண்ணா நகர்

பதில்: மகள் சொல்வதும் சரி, உங்கள் அச்சமும் சரி. நடுக்குளிர்காலத்தில் கனத்த பனி மூடிய ஏரிக்குள் வெளிச்சம் இறங்காது. நீர்த்தாவரங்கள் ஆக்சிஜனை உண்டாக்குவது நின்றுபோகும். அடியில் மக்கும் பொருள்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன்கள் ஆழத்தை விட்டு மேலேறி நிற்கும். ஆழம் குறைந்த ஏரிகளில் மூச்சின்றிச் செத்து மிதப்பதும் உண்டு. மார்ச்சில் பனி உருகி வெளிச்சமும் புதுநீரும் உள்ளே போகத் தொடங்கியதும், கிராப்பிக் கூட்டங்கள் ஏரியின் ஆழமான நடுப்பகுதியிலிருந்து கரையோர விரிகுடாக்களுக்கு வந்து பசியோடு தின்னும். அந்த நாட்களின் மீன்பாட்டை ஒருமுறை கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அதே வெயில் பனிக்கட்டியைச் செங்குத்தான ஊசிகளாகப் பிரித்துவிடுகிறது. ஒன்றரை அடி கனம் இருப்பதாக அளவுகோல் காட்டும். ஊசிகளுக்கிடையே பிடிப்பு இருக்காது. ஒரு மார்ச் மாலையில், ஏரி நடுவே திடமாக நின்றுவிட்டுத் திரும்பும்போது, கரைக்கு நான்கே அடி இருக்கையில் என் இடது கால் தொடைவரை இறங்கிவிட்டது. காலையில் அதே இடத்தின் வழியாகத்தான் ஏறி வந்திருந்தேன். அன்று முதல், காலையில் தாங்கிய தளம் மாலையில் தாங்கும் என்று நான் நம்புவதில்லை.

வானிலை வழக்கம் மாறிய ஆண்டுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பர், மினசோட்டாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமான டிசம்பர். அந்த மாத இறுதியில் அப்பர் ரெட் ஏரியில் பனித்தளம் உடைந்து விலகி, அதன் மேல் மீன்பிடித்துக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் அனுபவசாலிகள் என்றே நினைக்கிறேன், காலண்டரை நம்பியிருப்பார்கள்.

மகளிடம் இவற்றைக் கேளுங்கள்: தனியாகப் போகிறாளா? மேலுடைக்குள் மிதவைச் சட்டை போடுகிறாளா? கூர்முனை வைத்த இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறாளா? விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சைச் சீராக்க வேண்டும். கைகால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம்தான். வந்த திசைக்கே திரும்பி, அந்தக் கூர்முனைகளைக் குத்திக் காலை உதைத்து மேலேற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். இவற்றை அவள் தயங்காமல் சொன்னால், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: நாங்கள் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குளத்தில் ஜிலேபி பிடிப்போம். மழைக்காலத்தில் நான்கைந்து நாள் சூரியனே தலைகாட்டாமல் இருந்தால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தூண்டிலில் மட்டும் படுவதில்லை. உங்கள் கிராப்பிக் கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், பூந்தமல்லி

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. அங்கே பனிப்போர்வை செய்வதை இங்கே மேகம் செய்கிறது. வெளிச்சம் குறைந்த நாட்களில் நீர்ப்பாசிகள் போதிய ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. இரவு முழுவதும் எல்லா உயிர்களும் இருப்பதைச் சுவாசித்துத் தீர்ப்பதால், விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். உங்கள் ஜிலேபி மேலே வருவது இரைக்காக அல்ல, மூச்சுக்காக. அந்த வேளையில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, வெயில் ஏறிப் பத்து மணிக்கு மேல் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆழத்தில் பிடித்த கிராப்பியைத் திரும்ப விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: 30 அடிக்குக் கீழிருந்து இழுத்ததென்றால் பிழைப்பது கடினம். இந்த மீனின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு திறப்பு இல்லை. அழுத்தம் சட்டென்று குறையும்போது பை ஊதி, வயிற்றை வாய்வழியே வெளியே தள்ளிவிடும். துளையில் விட்டால் தலைகீழாக மிதக்கும். மினசோட்டாவில் ஒருவர் ஒரு நாளைக்கு 10 கிராப்பி வரை வைத்துக்கொள்ளலாம். ஆழத்தில் பிடிப்பவர்கள், சிறியது பெரியது என்று பொறுக்காமல், வந்ததை வைத்துக்கொண்டு, எண்ணிக்கை நிறைந்ததும் தூண்டிலை எடுத்துவிட வேண்டும். விட்டுப் பிடித்து விளையாட விரும்புபவர்கள் 20 அடிக்கு உட்பட்ட இடமாகப் பார்த்துத் துளை போடட்டும்.